மலையில் 150, கரையில் 6

கொலம்பியாவின் தென்மேற்கு மூலையில் நரினியோ என்றொரு மாகாணம். அதில் பசிபிக் கரையோரம் துமாகோ. ஆண்டிஸ் மலைமேல், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் துக்கெரஸ். இரண்டு ஊர்களிலும் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் வயிற்றில் ஒரே கிருமி குடியிருக்கிறது. ஆனால் இரைப்பைப் புற்றுநோய் மலையூரில் ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 150 பேருக்கு வருகிறது, கரையூரில் 6 பேருக்குத்தான் வருகிறது.

கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. உலகில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இது உண்டு. பெரும்பாலும் சிறுவயதிலேயே வீட்டாரிடமிருந்து தொற்றிக்கொள்ளும். மருந்து கொடுத்து விரட்டாவிட்டால் சாகும்வரை கூடவே இருக்கும்.

இரும்பையே அரிக்கும் அமிலத்தில் இது எப்படிப் பிழைக்கிறது? எண்டோஸ்கோப்பி அறையில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். வயிற்றுச் சுவரிலிருந்து அரிசிமணியைவிடச் சிறிய திசுத் துணுக்கைக் கிள்ளி எடுத்து, யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைப்பார்கள். கிருமி இருந்தால் மஞ்சள் மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாக மாறும். யூரியேஸ் என்ற நொதியால் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்குகிறது. நிறத்தை மாற்றுவது அதுதான். வயிற்றுக்குள்ளும் அதே வேலைதான். அம்மோனியா தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறிக்க, கிருமி சளிப்படலத்துக்குள் புகுந்து பத்திரமாக உட்கார்ந்துகொள்கிறது.

ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984இல் இந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்ட கதை பலரும் அறிந்தது. அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994இல், சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய்க் காரணி என்று உறுதியாக அறிவித்துவிட்டது.

அழற்சி புற்றாக மாறும் வழியைப் படிப்படியாக வரைந்தவர் கொலம்பியாவில் பிறந்த நோயியல் நிபுணர் பெலாயோ கொரேயா. முதலில் ஓயாத அழற்சி. பிறகு அமிலம் சுரக்கும் சுரப்பிகள் அழிகின்றன. அந்த இடத்தில் குடலின் உட்புறத்தைப் போன்ற திசு முளைக்கிறது. அதன் செல்கள் ஒழுங்கு கெட்டு, கடைசியில் சிலருக்குப் புற்று. இதற்குப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். வேடிக்கை என்னவென்றால், அமிலம் வற்றிய வயிற்றில் கிருமிக்கே பிழைப்பில்லை. புற்றுநோய் தெரியவரும் நேரத்தில் பரிசோதனையில் கிருமி சிக்காமல் போவதும் உண்டு.

எல்லாக் கிருமிகளும் ஒரே அளவு கொடியவை அல்ல. ‘காக்-ஏ’ என்ற புரதத்தை வயிற்றுச் செல்லுக்குள் செலுத்தும் வகைதான் அதிகம் ஆபத்தானது. நரினியோ புதிருக்கு 2014இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு விடையும் தந்தது. கரையில் வாழ்வோர் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்களின் கிருமியிலும் ஆப்பிரிக்க மரபு உண்டு. மலையில் வாழும் பூர்வகுடி வம்சத்தாரிடம் இருப்பதோ பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த கிருமி. நெடுங்காலம் பழகாத கிருமி கூடுதலாகக் கெடுக்கிறது என்பது ஆய்வாளர்கள் கருத்து. உப்பும் புகையிலையும் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்க்கின்றன.

இத்தனை காரணங்கள் கூடவே இருக்கின்றன என்பதற்காகக் கிருமியைச் சாதுவென்று விட்டுவிட முடியாது. ஜப்பானில் 1,526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் கவனித்தார்கள். கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்றுநோய் வந்தது. இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் 30 வயது கடந்தவர்களைப் பரிசோதித்துச் சிகிச்சை கொடுத்தார்கள். தொற்று 64 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது. புற்றுநோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

கிருமி உள்ளவர்களில் நூற்றுக்கு ஓரிருவருக்கு, மிஞ்சினால் மூவருக்குத்தான் புற்றுநோய் வருகிறது, பீதி வேண்டாம். ஆனால் பெற்றோர், உடன்பிறந்தோரில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய் வந்திருந்தாலோ, அல்சர் திரும்பத் திரும்ப வந்தாலோ, கேஸ் மாத்திரையிலேயே வருடங்களை ஓட்டாதீர்கள். மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அமிலத்தைக் குறைக்கும் எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அது முடிவை மாற்றிக் காட்டும். எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மறுபரிசோதனை செய்தால்தான் கிருமி போனதா என்று தெரியும்.