பட்டத்துக்குக் காத்திருந்த கட்டடத் தொழிலாளி



குத்துச்சண்டையில் உடல் எடையைக் கொண்டே வீரர்களைப் பிரிக்கிறார்கள். 160 ராத்தலை எல்லையாகக் கொண்டது ‘மிடில்வெயிட்’ எனும் நடுத்தர எடைப் பிரிவு. அதில் 1980 முதல் 1987 வரை உலக வெற்றிவீரராக விளங்கிய மார்வின் ஹேக்லரைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

ஹேக்லர் 1954இல் அமெரிக்காவின் நூவர்க் நகரில், கறுப்பினக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1967இல் அங்கே பெருங்கலவரம் மூண்டது. அதன்பின் தாயார் பிள்ளைகளோடு பிராக்டன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பெட்ரோனெல்லி சகோதரர்கள் குத்துச்சண்டைக் கூடம் நடத்தினர். கட்டட வேலையும் எடுத்துச் செய்தனர். ஹேக்லர் பகலில் அவர்களிடம் கட்டட வேலை பார்த்தார். வேலை முடிந்ததும் அவர்களிடமே பயின்றார்.

1973இல் தொழில்முறை வீரரானார். 1976இல் இருவரிடம் தோற்றார். பின்னர் அவர்களுள் ஒருவரை மீண்டும் சந்தித்து வென்றார். ஆயினும் பட்டப் போட்டிக்கு அழைப்பு வரவில்லை. இடக்கைப் பாணியில் பலமாக அடிக்கும் ஒருவரோடு மோதப் பலரும் தயங்கினர்.

1979 நவம்பரில்தான் வாய்ப்புக் கிட்டியது. வீட்டோ அந்துவோஃபெர்மோவுடன் 15 சுற்றுகள் மோதினார். ஹேக்லரே வென்றார் எனப் பலரும் எண்ணினர். தீர்ப்போ ‘சமம்’ என வந்தது. சமமானால் பட்டம் ஏற்கெனவே வைத்திருப்பவரிடமே தங்கும் என்பது விதி. ஆறாண்டு உழைப்புக்குப் பின் ஹேக்லர் வெறுங்கையோடு திரும்பினார்.

அவர் பயிற்சியை விடவில்லை. 1980 செப்டம்பரில் லண்டனில் அலன் மின்டரை எதிர்த்தார். இம்முறை தீர்ப்பாளர்களுக்கு வேலையே வைக்கவில்லை. மூன்றாம் சுற்றில், மின்டரின் முகக் காயங்களால் போட்டி நிறுத்தப்பட்டது. கூட்டத்தினர் போத்தல்களை வீசினர். புதிய வெற்றிவீரர் காவலர் துணையோடு வெளியேற நேர்ந்தது.

அதன்பின் 12 முறை பட்டத்தைக் காத்தார். 1987இல் சுகர் ரே லெனர்டிடம், தீர்ப்பாளர் மூவரில் இருவரின் முடிவால் அதை இழந்தார். மறுபோட்டி கிட்டவில்லை. 1988இல் ஓய்வை அறிவித்தவர் மீண்டும் போட்டி மேடை ஏறவேயில்லை. இத்தாலிக்குச் சென்று திரைப்படங்களில் நடித்தார். 2021இல் காலமானார். 67 போட்டிகளில் அவர் பெற்றவை 62 வெற்றி, 3 தோல்வி, 2 சமம். தொடக்கம் முதல் இறுதிவரை பெட்ரோனெல்லி சகோதரர்களே அவருடைய பயிற்சியாளர்கள்.

தீர்ப்பு எழுதுவது பிறர் கையில்; உழைப்பது நம் கையில். நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் காண்பது வெற்றி பெறும் சில நிமிடங்களைத்தான். அதற்கு முன் சென்ற ஏழு ஆண்டுகளை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தாம்.