பாசறை மருத்துவர்

மருத்துவத்திற்கு உறுப்பு நான்கு என்பர் திருவள்ளுவர்: நோயுற்றோன், மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன். நகரத்து வைத்தியசாலையில் இந்நான்கும் தத்தம் இடத்தே அமைந்திருக்கும். போர்க்களத்திலோ மருத்துவனே ஏனை மூன்றையும் தேடிச் சேர்க்க வேண்டியவனாகின்றான். நோயாளி எங்கோ ஒரு பள்ளத்திற் கிடப்பான். மருந்து பின்னே வரும் வண்டியில் இருக்கும். உதவுவோர் உறக்கமின்றி அஞ்சி நிற்பர். ஆகலின், படை மருத்துவனுக்குக் கைத்திறனோடு பிறரை நடத்துந் திறனும் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். இவ்விரண்டையும் வெவ்வேறு பாடங்களாகக் கற்பித்தால் ஆகாதோ என்பதே வினா. ஆகாது என்பது எம் கருத்து.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்கண், 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், புல்ரன் என்னும் ஓடையருகே இரண்டாம் முறை போர் நிகழ்ந்தது. காயமுற்ற வடபடையினர் பலர் நாட்கணக்காகக் களத்திலேயே கிடந்து வருந்தினர். இஃது அறுவை வைத்தியர் இன்மையால் மட்டும் நேர்ந்ததன்று. காயமுற்றோரை ஏற்றும் வண்டிகள் தளவாட இலாகாவின் வசம் இருந்தன. ஓட்டிகளோ கூலிக்கு அமர்ந்தோர். குண்டொலி கேட்டு ஓடினோரும் உண்டு. மருத்துவனுக்கு அவ்வண்டிகள்மேல் ஆணை செல்லாது.

போடோமாக் சேனையின் தலைமை மருத்துவராக அவ்வாண்டு அமர்ந்த ஜோனதன் லெட்டர்மன் இக்குறையை முன்னரே கண்டிருந்தார். சேனாபதி மக்கிளெல்லன் வாயிலாக அம்மாதத் தொடக்கத்திலேயே ஓர் ஆணை பெற்றார். அதன்படி வண்டிகளுக்கெனத் தனி அதிகாரிகளும் ஆட்களும் நியமிக்கப்பெற்று, மருத்துவத் தலைவரின் ஆட்சிக்கீழ்ப் பயிற்சி பெற்றனர். புல்ரனிற் பொருத சேனைக்கு இம்முறை அன்று எட்டவில்லை. செப்டம்பர் 17ஆம் நாள் ஆண்டிட்டம் ஓடைக்கரையில் நிகழ்ந்த போரில், ஒரே பகலில் இருதிறத்தும் ஏறத்தாழ 23,000 பேர் மாண்டும் காயமுற்றும் காணாமலும் போயினர். அவருட் காயமுற்ற வடபடையினரிற் பெரும்பாலோர் மறுநாளைக்குள் களத்தினின்றும் எடுக்கப்பட்டனர். 1864இல் இம்முறை அந்நாட்டுச் சட்டமாயிற்று.

லெட்டர்மன் பெயர் நிலைத்தது கத்தி பிடித்த திறத்தாலன்று. ஆட்களை அமைத்த திறத்தால். ஆயினும், குருதியொழுகும் ஒருவனை ஒரு நாழிகைத் தாமதம் என்ன செய்யும் என்பதை அறிந்தவர் அவர் ஆகலின் அன்றோ அவ்வமைப்புத் தோன்றிற்று? தளவாட அதிகாரிகளிடம் வண்டிகள் நெடுங்காலம் இருந்தன. அவர்க்கு அவ்வெண்ணம் எழவில்லை.

இதனினும் நுண்ணிய சான்று அண்மைக் காலத்தது. 1996இல் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் பிராங்க் பட்லரும் உடன்பணியாற்றியோரும் வெளியிட்ட கட்டுரை, போர்க்களச் சிகிச்சையை மூன்று நிலைகளாகப் பகுத்தது: குண்டு பாயும் நிலை, மறைவிடம் சேர்ந்த நிலை, ஏற்றிச் செல்லும் நிலை. காலிற் குண்டுபட்டுக் குருதி பீறிடும் ஒருவனுக்கு முதல் நிலையிற் செய்யத்தக்கது டூர்னிக்கெட் என்னும் இறுக்குப் பட்டை கட்டுவது ஒன்றே. அதற்கும் முன்னே எதிரியின் சுடுதலை அடக்கல் வேண்டும். மூச்சுவழியைச் சீர்செய்தல் முதலியன மறைவிடம் சேர்ந்த பின்னரே. வைத்தியசாலையில் மிகச் சிறந்ததெனக் கற்ற சிகிச்சையை வெட்டவெளியில் ஆற அமரச் செய்யப் புகுவோன், நோயாளியோடு தானும் மாள்வான்; மீட்கவந்த தோழரையும் மாளச் செய்வான். புண் ஒன்றே, இடம் மாறச் சிகிச்சையும் மாறுகின்றது. இப்பொழுது எந்நிலை என்று துணிவது மருத்துவமோ, படைத்தொழிலோ? பிரித்துக் கூறவல்லார் கூறுக.

இக்கருத்துப் பற்றியே மேரிலாந்து மாநிலத்துப் பெத்தெஸ்தாவில், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த படைத்துறை மருத்துவப் பல்கலைக்கழகம் இரண்டையும் ஒருங்கே பயிற்றுகின்றது. முதலாண்டு மாணவர் ஆண்டிட்டம் களத்தைக் காலால் நடந்து கற்பர். நான்காம் ஆண்டினர்க்குப் பென்சில்வேனியாவில் ‘புஷ்மாஸ்டர்’ என்றொரு களப்பயிற்சி உண்டு (இஃது ஒரு நச்சுப் பாம்பின் பெயருமாம், பயிற்சியின் கடுமைக்கு ஏற்ற பெயரே). பொய்ப்புண் தீட்டிய நடிகர் அலறிக்கொண்டு வருவர். இன்று தலைவனாய் நின்ற மாணவன் நாளை பிறனொருவன் ஆணைக்கு அடங்கித் தொழில் செய்வான். ஆசிரியர் அவன் கைத்திறத்தையும் நடத்துந் திறத்தையும் ஒருசேர அளப்பர்.

இங்கே கற்றற்கரியது ஒன்றுண்டு. இருபதின்மர் ஒருங்கே வந்து விழுங்கால், அருகிற் கிடப்பவன் புண்ணில் கைவைக்கவே மருத்துவன் நெஞ்சு விரையும். அதுவே அவன் கற்ற அறம். தலைவனாயிருப்பவன் அக்கையை மடக்கிக்கொண்டு எழுந்து நிற்றல் வேண்டும். குனிந்தானாயின் ஒருவனைக் காண்பான், பத்தொன்பதின்மரைக் காணான். கையை வாளா வைத்திருத்தலும் சிகிச்சையே என்பதை நூலிற் படித்து அறிதல் எளிதன்று.

மற்றொன்று, மேலதிகாரியிடம் மறுத்துரைக்கும் உரம். 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி, காயமுற்றோருள் யார்க்கு முதற் சிகிச்சை என்பதை மருத்துவ அவசரம் ஒன்றே தீர்மானித்தல் வேண்டும். தம்மவன், பகைவன் என்னும் வேற்றுமை அங்கே இல்லை. நெப்போலியன் படையின் மருத்துவர் லாரேயும் பதவியும் நாடும் நோக்காது புண்ணின் கொடுமை ஒன்றையே நோக்கினார். எனினும், தன் தோழன் முறிந்த கையோடு முனகிக்கொண்டிருக்க, குடல் சரிந்த பகைவனை முதலில் மேசைமேல் ஏற்றுக என்று சினந்து நிற்கும் படையினர் நடுவே ஆணையிடுதல் வேண்டும். அவ்வாணை இருபத்தைந்தாண்டு இளைஞன் ஒருவன் வாயினின்று வரல்வேண்டும். வந்தவுடன் டோலி நகரவும் வேண்டும்.