ராடாரை ஏமாற்றும் போர் விமானம்!

காரைக்காலை அடுத்த கடலோர ஊர் திருவேட்டக்குடி. சம்பந்தர் பாடிய சிவன் கோவில் இங்கே இருக்கிறது. அர்ச்சுனனுக்குப் பாசுபத அஸ்திரம் கொடுக்கச் சிவபெருமான் வேடன் உருவில் வந்தாராம். அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்கிறது தல புராணம். எதிரே நிற்பவர் யார் என்று அர்ச்சுனனுக்கே தெரியவில்லை!

எதிரிக்கு அடையாளம் தெரியாமல் பறக்கும் போர் விமானம் ஒன்றை இந்தியா இப்போது உருவாக்கி வருகிறது. அதன் பெயர் "ஆம்கா".

பந்தும் சுவரும்

ராடார் என்ன செய்கிறது? ரேடியோ அலைகளை வானத்தில் வீசுகிறது. அலை விமானத்தில் மோதித் திரும்பி வந்தால், விமானம் அகப்பட்டுக்கொள்ளும்.

நேரான சுவரில் பந்தை எறிந்தால் கைக்கே திரும்பி வரும். சாய்ந்த சுவரில் எறிந்தால் வேறு பக்கம் போய்விடும். இதுதான் சூட்சுமம்! விமானத்தின் உடலைச் சாய்வாக அமைக்கிறார்கள். அலையை விழுங்கும் பூச்சைப் பூசுகிறார்கள். குண்டுகளை வெளியே தொங்கவிடாமல் வயிற்றுக்குள் வைக்கிறார்கள்.

ஆனாலும் இது மாயவித்தை அல்ல. 1999-ல் இத்தகைய அமெரிக்க விமானம் ஒன்றை யூகோஸ்லாவியப் படை சுட்டு வீழ்த்தியது. விமானி உயிர் தப்பினார்.

ரூ.15 ஆயிரம் கோடி

2024 மார்ச்சில் மத்திய மந்திரிசபையின் பாதுகாப்புக் குழு "ஆம்கா"வுக்கு அனுமதி அளித்தது. செலவு சுமார் ரூ.15 ஆயிரம் கோடி. எடை 25 டன். இரண்டு என்ஜின், ஒரே விமானி. "தேஜஸ்" விமானத்தை வடிவமைத்த பெங்களூர் நிறுவனமே இதையும் வடிவமைக்கிறது.

"காவிரி" பட்ட பாடு

உடல் நம்முடையது. இதயம் யாருடையது? விமானத்துக்கு இதயம் என்ஜின்தான்.

1961-ல் பறந்த நம் "மாருத்" விமானம், பலமான என்ஜின் கிடைக்காமல் தவித்தது. பிறகு தேஜசுக்காக உள்நாட்டிலேயே ஓர் என்ஜின் செய்தார்கள். அதற்கு வைத்த பெயர் "காவிரி"! ஆனால் போதிய வேகம் கொடுக்க அதனால் முடியவில்லை. 2008-ல் தேஜஸ் திட்டத்திலிருந்து அதைப் பிரித்துவிட்டார்கள். தேஜஸ் அமெரிக்க என்ஜினில் பறக்கிறது. அந்த என்ஜின்கள் தாமதமானதால், புதிய தேஜஸ் விமானங்களும் தாமதமாயின.

மேலே மதகு திறந்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர். இந்தத் துன்பம் காரைக்கால் விவசாயிக்குத் தெரியாததா?

2025 ஆகஸ்டில் பாதுகாப்பு மந்திரி ராஜ்நாத் சிங் ஒரு செய்தி சொன்னார். பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து, விமான என்ஜினை இந்தியாவிலேயே செய்யப் போகிறார்களாம். 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த மண்ணுக்கு இது சுவையான செய்தி!

திருவேட்டக்குடியில் இன்று தேசிய தொழில்நுட்பக் கழகமும் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் பொறியியல் படிக்கிறார்கள். நாளைய என்ஜினைச் செய்யப் போகிறவர்கள் இப்படிப் படிக்கும் பிள்ளைகள்தான். அர்ச்சுனனுக்கும் தவம் செய்த பிறகுதானே அஸ்திரம் கிடைத்தது!