காந்தம் மூப்பதில்லை

எம்.ஆர்.ஐ. கருவி ஒன்று பழையதாகிவிட்டது என்று மருத்துவமனை நிர்வாகம் முடிவெடுக்கும்போது, அதன் எந்தப் பகுதி பழையதானது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளன் என்ற முறையில், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பேன்.

அக்கருவியின் உயிர்நாடி காந்தம். நையோபியம்-டைட்டானியம் கம்பிச் சுருள்கள், திரவ ஹீலியத்தின் துணையால் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கப்படுகின்றன. அந்நிலையில் கம்பிக்கு மின்தடையே கிடையாது. ஒருமுறை செலுத்திய மின்னோட்டம் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். சுருளில் தேய்வதற்கு எதுவுமில்லை. ஆனால், அதனுடன் இணைந்த கணினியும் மின்னணு அட்டைகளும் வெகு விரைவில் காலாவதியாகின்றன. உதிரிபாகம் கிடைக்காதபோது, பல டன் எடையுள்ள நல்ல காந்தமும் சேர்ந்தே கழிவாகிறது. திரி தீர்ந்ததற்காகக் குத்துவிளக்கையே எறிவதற்கு ஒப்பானது இது.

இங்கு வீணாவது பணம் மட்டுமன்று. பூமிக்கடியில் கதிரியக்கச் சிதைவால் உருவாகும் ஹீலியம், இயற்கை எரிவாயுவுடன் கிடைப்பது. காற்றில் கலந்தால் மெல்ல விண்வெளிக்கே தப்பிவிடும். வழக்கமான கருவிக்கு ஏறத்தாழ 1,500 லிட்டர் திரவ ஹீலியம் தேவை. 2018-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய, முற்றிலும் மூடி அடைக்கப்பட்ட காந்தத்துக்கோ 7 லிட்டர் போதும். வரைபலகையிலேயே எடுக்கப்பட்ட முடிவு இது. என் போன்ற பராமரிப்பாளர் எவ்வளவு திறமை காட்டினாலும், வடிவமைப்பில் விட்டதைப் பின்னர் ஈடுசெய்ய இயலாது.

சி.டி. கருவியின் எக்ஸ்-கதிர்க் குழாய் தேயும் பொருள் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு, கழற்றி மாற்றும்படி அமைத்தார்கள். எம்.ஆர்.ஐ.யிலும் காந்தத்தை அதே இடத்தில் விட்டுவிட்டு மற்றவற்றைப் புதுப்பித்துத் தரும் திட்டங்களைச் சில நிறுவனங்கள் வழங்குகின்றன. ஆகவே இது நடவாத காரியமன்று.

பிறர் பழுதுபார்த்தால் நோயாளிக்கு ஆபத்து என்று கூறிச் சில தயாரிப்பாளர்கள் பராமரிப்புக் கையேட்டையும் கடவுச்சொல்லையும் தர மறுக்கிறார்கள். கவலை நியாயமானதே. ஆயினும், இதை ஆராய்ந்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், பரவலான பொதுச் சுகாதாரக் கவலை உண்டெனக் கூறப் போதிய சான்று இல்லை என்று 2018 மே மாதத்தில் அறிவித்தது.

நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் மருத்துவக் கருவிகளையும் உள்ளடக்குகின்றன. கழிவான பின் என்ன செய்வது என்பதே அவற்றின் முதன்மை அக்கறை. அதற்கு முந்தைய கேள்விகளைக் கொள்முதல் ஒப்பந்தப்புள்ளியில்தான் எழுப்ப முடியும்: உதிரிபாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? காந்தத்தை அசைக்காமல் மின்னணுப் பகுதியை மாற்ற முடியுமா? கையேடு கருவியோடு வருமா? கையொப்பமிடும் முன் கேட்டால் விற்பனையாளர் விடை சொல்வார். பிறகு அதற்கும் தனிக் கட்டணம் கேட்பார்.