ஏவறை தெரியாத வைத்தியம்

வேலணையின் சாட்டிக் கடலில் குளித்து, நன்னீர்க் கிணற்றில் உப்பைக் கழுவிவிட்டு ஒடியற்கூழை வயிறு முட்டக் குடித்தால் பிறகு என்னென்ன நடக்கும்? யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் அதற்குச் சொற்பஞ்சம் இல்லை. வயிறு பொருமும். ஏவறை (ஏப்பம்) வரும். ஓங்காளிக்கும் (குமட்டும்). மிஞ்சினால் சத்தி (வாந்தி), வயித்தாலை போதல் (வயிற்றுப்போக்கு). வயித்துக்குத்து வேறு, வயித்துளைவு வேறு. உளைவென்றால் முறுக்கிக்கொண்டு மலத்துக்கு ஓடவைக்கும்.

இந்தச் சொற்களை ஆங்கிலத்தில் படித்த மருத்துவத்தோடு பொருத்துவது சங்கடம். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிய மொழிக்குப் போகிறவருக்கு அந்தச் சங்கடம் குறைவு. ஸ்டமக் அங்கே எஸ்தோமகோ, டைஜெஷன் டிஹெஸ்தியோன். லத்தீன், கிரேக்க வேர்கள் இரண்டுக்கும் பொது. அப்படியிருந்தும் அமெரிக்க மருத்துவத்துக்கு எம்பாச்சோ என்ற சொல் பெரிய பாடம் கற்பித்தது. தின்றது குடலில் ஒட்டி நின்றுவிட்டது என்று மெக்சிக்கோ வழிக் குடும்பங்கள் சொல்லும் உபாதை அது. அதற்கு வீட்டில் கொடுத்த கிரேத்தா, அசர்கோன் என்ற பொடிகள் உண்மையில் ஈய ஒக்சைட்டுகள். 1980களின் தொடக்கத்தில் அவற்றால் குழந்தைகளுக்கு ஈய நஞ்சேறியது தெரியவந்தது. எம்பாச்சோவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்கத் தெரிந்தவருக்கே அந்தப் பொடியின் கதை கிடைக்கும்.

மருத்துவம் மக்களின் மொழியில் பேசவேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தில் முன்பே உணர்ந்தவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷன் மருத்துவர். தமிழ் படித்து, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்றொழிலியலைச் சொல்லும் அவருடைய 'மனுஷ சுகரணம்' 1883இல் வந்தது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். இன்று நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் சமிபாடு, சதையி, அகத்துறிஞ்சல் என்று படிக்கிறார்கள். தமிழகத்துப் பிள்ளைகளுக்கு அவை செரிமானம், கணையம், உறிஞ்சுதல். மருத்துவம் உலகோடு பேச ஆங்கிலம் வேண்டும் என்பார்கள், வேண்டும்தான்.

ஆனால் நோயாளி பாடப்புத்தகத்தில் பேசுவதில்லை. "ஐயா, ஏவறை விடுறதுமில்லை, ஓங்காளமாக் கிடக்கு" என்று ஒரு ஆச்சி சொன்னால், எதிரில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அது விளங்குமா? அவர் தமிழரேயானாலும் விளங்காமல் போகலாம் என்பதே என் கவலை. பேரப்பிள்ளைகள் 'காஸ்' என்ற ஒன்றிலேயே எல்லாவற்றையும் அடக்குகிறார்கள். நெஞ்செரிவும் காஸ், பொருமலும் காஸ், மார்பு இறுக்கமும் காஸ். கடைசியது மாரடைப்பாகவும் இருக்கலாம்.

கிறீன் புத்தகத்துச் சொற்களைத் தந்தார். வாய்ச்சொற்களை எழுதிவைப்பது நம் வேலை. மருத்துவ மாணவர்கள் கிராமப் பயிற்சிக்கு வரும்போதே ஊர்ச்சொல்லையும் அது குறிக்கும் உபாதையையும் கேட்டுக் குறிக்கலாம். வேலணையிலிருந்து பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடலாம். ஆனால் பாலமில்லாத நெடுந்தீவில் நோயாளியை இரவோடிரவாகப் படகேற்றுவதா, விடியும்வரை பார்ப்பதா என்று தீர்மானிக்கிறவர், வயித்துக்குத்தா வயித்துளைவா, எந்தப் பக்கம், எப்போது தொடங்கியது என்பதை அந்தச் சொற்களிலேயே கேட்டாகவேண்டும்.