இடுப்பைப் பொருத்துவதா, பாதத்தையா?

அனிமேஷனில் நடந்துவரும் கதாபாத்திரம், நடை முடிந்து ஓட்டம் தொடங்கும் இடத்தில் சட்டென்று புறப்பட்ட இடத்துக்கே போய் நிற்பதுண்டு. மோஷன் கேப்சரில் நடையும் ஓட்டமும் தனித்தனியாகப் பதிவாகின்றன. நடிகர் எங்கே நின்று எந்தப் பக்கம் பார்த்துத் தொடங்கினாரோ, அதுவே அந்தக் கிளிப்பின் தொடக்கம். முதல் கிளிப் 10 மீட்டர் தள்ளி முடிந்தது என்பது இரண்டாவதற்குத் தெரியாது. அதை மொத்தமாக நகர்த்தி, திருப்பி, முந்தையதன் முடிவோடு பொருத்தியாக வேண்டும். மவுஸால் இழுத்தும் வைக்கலாம்தான். ஆனால் ஸ்கிரிப்ட் கட்டளையே மேல் என்பேன்: எதை எதோடு எந்த அளவுக்குப் பொருத்துகிறோம் என்பதை அங்கே மழுப்ப முடியாது.

மாயா மென்பொருளில் இதற்கென்றே ‘கிளிப்மேட்சிங்’ என்ற கட்டளை இருக்கிறது. முந்தைய கிளிப், அடுத்த கிளிப், ஒவ்வொன்றிலும் எந்தக் கட்டம் (தொடக்கம் 0, முடிவு 1) என்று சொல்ல வேண்டும். பிறகு இடத்துக்கும் திருப்பத்துக்கும் தனித்தனி எண்: 0 என்றால் பொருத்தாதே, 1 என்றால் முழுதாகப் பொருத்து, 2 என்றால் தரையளவில் மட்டும் பொருத்து. முழுதாக என்றதும் 1தான் உசத்தி என்று தோன்றும், வம்பு அங்கேதான். நடையின் கடைசி ஃபிரேமில் உடல் 10 டிகிரி முன்சாய்ந்தும், ஓட்டத்தின் முதல் ஃபிரேமில் நிமிர்ந்தும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். திருப்பத்தை முழுதாகப் பொருத்தினால் அந்தச் சாய்வு ஓட்டம் மொத்தத்துக்கும் ஏறிவிடும். 5 மீட்டர் ஓடுவதற்குள் பாதம் தரைக்குள் முக்கால் மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கும். இங்கே 2தான் சரி. 2002இல் ‘மோஷன் கிராஃப்ஸ்’ ஆய்வுக் கட்டுரையை எழுதிய லூகஸ் கோவர், மைக்கேல் கிளைக்கர், ஃப்ரெடெரிக் பிகின் மூவரும் தரைமீது நகர்த்துவதற்கும் செங்குத்து அச்சில் திருப்புவதற்கும் மட்டுமே இடம் கொடுத்தார்கள். ஒற்றை ஃபிரேமை நம்பாமல் அடுத்தடுத்த பல ஃபிரேம்களை ஒப்பிட்டார்கள். ஒரு நிலை மட்டும் கையில் இருந்தால் உடல் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று எப்படித் தெரியும்?

கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். ஒரே இணைப்பு என்றால் போதும். பத்து கிளிப் வரிசையில், முதல் நடையில் ஓர் அடியைக் குறைக்கச் சொன்னால் மற்ற ஒன்பதும் நகர வேண்டும்; ஸ்கிரிப்ட் இருந்தால் மறுபடி ஓட்டினால் தீர்ந்தது. இதைவிட வலுவான ஆட்சேபம், கணக்குப் பொருந்தினாலும் அசைவு பொருந்தாது என்பது. அது உண்மைதான். இடுப்பை வைத்துப் பொருத்தினால் இடுப்பு இம்மியும் பிசகாது, ஆனால் ஊன்றிய கால் எண்ணெயில் வழுக்குவதுபோல் நகரும். ஆனால் இது கட்டளையின் கோளாறு இல்லை, அதற்குக் கொடுத்த விவரத்தின் கோளாறு. முதல் கிளிப் இடது காலில் முடிந்து, அடுத்தது வலது காலில் தொடங்கினால் 0, 1, 2 என எந்த எண்ணாலும் சரிக்கட்ட முடியாது. எந்தக் கால் பாரத்தைத் தாங்குகிறது என்று அனிமேட்டர்தான் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அடுத்த கிளிப்பின் கட்டத்தை 0 என்று விடாமல், அதிலும் இடது கால் ஊன்றும் ஃபிரேம்வரை, 0.2 என்றோ 0.3 என்றோ தள்ளிவைத்து, அந்தப் பாதத்தையே பொருத்தலாம். அப்போது இடுப்பில் மிஞ்சும் சிறு குலுக்கலை இரண்டு கிளிப்பும் கலக்கும் சில ஃபிரேம்கள் சமாளித்துக்கொள்ளும்.