விற்கப் போகும் வீட்டுக்கு முதல் செலவு மொட்டை மாடியில்

வீட்டு அலங்காரப் படங்களில் இப்போது மின்சாரக் கணப்பு அடிக்கடி தென்படுகிறது: சுவரில் பதித்த கண்ணாடிப் பெட்டி, அதற்குள் எல்இடி விளக்கு காட்டும் தீ நாக்குகள், சூடான காற்றை ஊதும் ஹீட்டர். பழைய வீட்டைப் புதுப்பித்து விற்பவருக்கு இப்படிக் கண்ணைக் கவரும் பொருளின்மேல் ஆசை வருவது இயல்புதான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அதற்கு வேலை உண்டு. பெரம்பலூர், அரியலூர் பக்கம் மார்கழிக் குளிருக்கே ஒரு போர்வை போதும். 1,500 வாட் கருவியைத் தினம் 2 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 180 யூனிட் ஆகிவிடும். இங்கே வீடு பார்க்க வருபவரை முகம் சுளிக்க வைப்பது மாடியறையின் புழுக்கம். அந்தப் பணம் போக வேண்டிய இடம் மொட்டை மாடி.

வெறும் கான்கிரீட் தளம் தன்மேல் விழும் வெயிலில் பாதிக்கு மேல் உறிஞ்சிக்கொள்கிறது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு முழுக்கக் கீழே இறக்குகிறது. பத்து மணிக்கும் ஃபேன் அனல் காற்றைச் சுற்றிவிடுவது அதனால்தான். முந்தைய தலைமுறைக் கொத்தனார்கள் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். செலவைக் குறைக்க அதை விட்டுவிட்ட வீடுகள்தான் இன்று கொதிக்கின்றன. பரிகாரம் எளிது: வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அல்லது வெள்ளைக் கூலிங் டைல்ஸ். தெலங்கானா அரசு 2023-இல் இதற்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. தமிழக அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. சுண்ணாம்புக்கல் பூமியான அரியலூரில் வெறும் சுண்ணாம்பு அடித்தால்கூடப் பலன் தெரியும். மழைக்குப் பின் மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவே.

வாங்குபவர் எலிவேஷனைத்தானே முதலில் பார்ப்பார் என்பார்கள். உண்மைதான். ஆனால் முகப்பைப் பார்த்து உள்ளே வருபவர் விலை பேசுவது அறைகளைச் சுற்றிவந்த பிறகு. ஃபால்ஸ் சீலிங் போதாதா என்றால், அது சூட்டை ஓரளவு தடுக்கும்; தளம் சூடேறுவதை நிறுத்தாது. போதாக்குறைக்கு நீர்க்கசிவையும் கண்ணிலிருந்து மறைத்துவிடும். ஏசி இருக்கிறதே என்பவருக்கும் இதே பதில்தான்: தளம் குளிர்ந்தால் ஏசிக்கு வேலை குறையும், மின்கட்டணமும் குறையும். வெள்ளை நிறம் அழுக்காகும் என்ற தயக்கத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது. சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் நிறைந்த அரியலூரில் தூசு படிந்தால் பூச்சின் பலன் குறையும். கோடைக்கு முன் ஒருமுறை தேய்த்துக் கழுவத்தான் வேண்டும்.

விரிசல்மேல் பூச்சை அடித்து மூடுவது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். ஆகவே முதலில் தண்ணீர் தேக்கிக் கசிவைப் பார்த்து, விரிசலை அடைத்து, வாட்டம் சரிசெய்து, தளம் நன்றாகக் காய்ந்தபின் மாசியில் பூச வேண்டும். சித்திரையில் வீடு பார்க்க வருபவரை நடுப்பகலிலேயே மாடியறைக்கு அழைத்துப் போகலாம்.